ஏற்றிய பாரம் தானே நிற்குமா?



நம் நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்னர் மாட்டு வண்டி செய்துவந்த வேலையிற் பெரும்பகுதியை இன்று பிக்கப் எனப்படும் திறந்த பின்தட்டுடைய சிறு வாகனம் செய்துவருகிறது. வீடு மாறுகிறவர் அதிலே அலுமாரியை ஏற்றுகிறார். கமக்காரர் நீரிறைக்கும் இயந்திரத்தையும் நெல் மூடைகளையும் ஏற்றுகிறார். கோவில் திருவிழாவுக்கு மின்பிறப்பாக்கி அதிலேதான் வந்து இறங்குகிறது. பாடசாலைக்கு வேண்டிய மேசையும் வாங்கும் அதிலேயே வருகின்றன. இவ்வளவு பழகிப்போன ஒன்றைப் பற்றி வானொலியிற் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். பழகிப்போனமையாலேயே பேசவேண்டியதாயிற்று.

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், ஏற்றுவது மயிற்பீலியே ஆனாலும் அளவு கடந்தால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரித்தார். அரசன் தன் வலிமையின் எல்லையை அறியவேண்டும் என்பதற்கு அவர் காட்டிய உவமை அது. எவ்வளவு ஏற்றலாம் என்னும் வினாவுக்கு அக்குறள் ஒன்றே போதும். ஆயின், அளவோடு ஏற்றிய பாரத்தை ஓடும் வண்டியில் அசையாமல் நிறுத்துவது எவ்வாறு என்பது வேறொரு வினா. அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இதனைப் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி கல்வியினால் வந்ததன்று. நான் கலைப் பட்டதாரி, இயந்திரவியல் பயின்றவனல்லேன். நான் செய்த ஒரு பிழையே என்னை இதனைக் கற்கச் செய்தது. முதலில் அதனைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. அப்பொழுது நான் அதிபராக இருந்த பாடசாலைக்குப் பழைய இரும்புப் பெட்டகம் ஒன்று நன்கொடையாகக் கிடைத்தது. ஏறத்தாழ 300 கிலோகிராம் எடையுடையது. அதனைக் கொண்டுவர ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு அமர்த்தினோம். ஆறு பேர் சேர்ந்து, மூச்சு வாங்க, அதனைத் தூக்கிப் பின்தட்டிலே வைத்தார்கள். கட்டுவதற்குக் கயிறு தேடியபோது சாரதியாகிய இளைஞர், "இவ்வளவு பாரம் எங்கே அசையப்போகிறது, ஐயா?" என்றார். ஆறு பேர் பட்ட பாட்டைக் கண்ட எனக்கும் அது நியாயமாகவே தோன்றிற்று. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்காக இருக்கட்டும் என்று, உதவிக்கு வந்திருந்த உயர்தர வகுப்பு மாணவர் இருவரைப் பின்தட்டில் ஏற்றி, பெட்டகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நான் முன்னே, சாரதியின் அருகில் அமர்ந்துகொண்டேன்.

வன்னிப் பெருவீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்துகொண்டிருந்தோம். பற்றைக்குள்ளிருந்து ஒரு பசு வீதியின் குறுக்கே வந்தது. சாரதி பிறேக்கை அழுத்தினார். வண்டி நின்றது, பெட்டகம் நிற்கவில்லை. அதற்கும் சாரதி அறையின் பின்சுவருக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி இருந்தது. மாணவருள் ஒருவர் அந்த இடைவெளியிலே கால் ஊன்றி நின்றிருந்தார். அவருடைய இடது பாதத்தின் எலும்புகள் நொறுங்கின. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று வாரங்களே இருந்தன. அவ்வாண்டு அவர் பரீட்சை எழுதவில்லை.

வைத்தியசாலையில் அவருடைய தாயார் என்னைக் கண்டபோது கோபித்துக்கொள்ளவில்லை. "பிடித்தால் நிற்கிற பாரமா அது, ஐயா?" என்று மாத்திரம் கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அக்கேள்விக்குக் காலந்தாழ்த்தித் தரும் மறுமொழியே.

முதலாவதாக, பாரமான பொருள் தன் பாரத்தாலேயே அசையாது நிற்கும் என்னும் எண்ணம் ஏன் பிழையானது என்று பார்ப்போம். நின்ற இடத்திலே பெட்டகத்தைத் தள்ளிப் பார்த்தால் அது அசைவதில்லை. நம்முடைய கையின் வலிமை சிறிது. பெட்டகத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு பெரிது. ஆகவே அது அசையாப் பொருள் என்று மனம் முடிவு செய்துகொள்கிறது. ஆனால் ஓடும் வண்டியில் அதனைத் தள்ளுவது நம் கையன்று. வண்டி 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது பெட்டகமும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற பொருள், வேறொன்று தடுக்கும்வரை அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டேயிருக்கும் என்பது 1687 ஆம் ஆண்டு நியூட்டன் வெளியிட்ட நூலிற் கூறிய முதலாம் விதி. இதனையே நம் விஞ்ஞான ஆசிரியர்கள் சடத்துவம் என்று கற்பிக்கிறார்கள். பிறேக் வண்டியின் சக்கரங்களைத் தடுக்கிறது, பெட்டகத்தைத் தடுப்பதில்லை. பெட்டகத்தைத் தடுக்க வேண்டிய பொறுப்பு அதனை ஏற்றியவருடையது.

பாரம் கூடினால் உராய்வும் கூடுமன்றோ என்று ஒருவர் கேட்கலாம். கூடும். ஆனால் அதனை முன்னே தள்ளும் விசையும் அதே விகிதத்திற் கூடும். எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் இதனை ஒரு பலகையும் மூன்று செங்கற்களும் கொண்டு எனக்கு விளக்கினார். ஒரு செங்கல்லைத் தனியாகவும், இரண்டினை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டியும், பலகையில் அருகருகே வைத்தார். பலகையின் ஒரு நுனியை மெல்ல உயர்த்தினார். இரண்டு மடங்கு பாரமுள்ளது பிந்தி வழுக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே சரிவில் வழுக்கின. பாரம் வழுக்கலைத் தடுப்பதில்லை; வழுக்கியபின் செய்யும் சேதத்தைத்தான் பெருக்குகிறது. இந்தச் சிறிய சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பாடசாலைகளிலும் செய்து காட்டலாம்.

அந்தச் சேதம் எவ்வளவு என்பதற்கும் ஓர் எளிய அளவு உண்டு. 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பொருளொன்று மோதுவதும், அதே பொருள் 6 மீற்றருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து விழுவதும் ஒன்றே. மாடிவீட்டுக் கூரையிலிருந்து அந்தப் பெட்டகம் விழுவதை மனக்கண்ணாற் பாருங்கள். வேகம் 60 கிலோமீற்றரானால் அவ்வுயரம் 14 மீற்றர். அஃதாவது வளர்ந்த தென்னையொன்றின் உயரம். வேகம் ஒன்றரை மடங்கு கூட, உயரம் இரண்டு மடங்குக்கு மேலாகிறது. இதனைப் பிடித்து நிறுத்த இரண்டு கைகளை நம்பினேன் என்று எண்ணும்போது இன்றும் என் உள்ளம் நடுங்குகிறது.

விபத்து நடந்த மறுவாரம் ஒரு மாணவியின் பாட்டனார் பாடசாலைக்கு வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மலையகத்துக்கும் கொழும்புக்கும் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். நடந்ததை முழுவதும் கேட்டபின் அவர் சொன்னது இது: "அதிபர் ஐயா, பாரம் பெரிதென்று கட்டாமல் விட்டீர்கள். பாரம் பெரிது என்றபடியால்தானே கட்டவேண்டும்?" பின்னர் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, அவற்றை மறவாதிருக்குமாறு கேட்டுக்கொண்டார். தாழ வை, தடுத்து வை, கட்டி வை. பாரம் ஏற்றும் கலை முழுவதும் இம்மூன்றிலும் அடங்கும். ஒவ்வொன்றாக அவற்றைக் காண்போம்.

தாழ வை என்பது, பாரத்தை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது. முதலில் வண்டி எவ்வளவு தாங்கும் என்று அறிய வேண்டும். பெரிய பிக்கப் வண்டிகள் பல ஏறத்தாழ ஒரு தொன் பாரத்துக்கென அமைந்தவை; சிறியவை அதனினும் குறைவாகவே தாங்கும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய எல்லை அதன் ஆவணங்களிற் குறிக்கப்பட்டிருக்கும். இங்கே பலர் ஏமாறுவது தண்ணீரில். வறட்சிக் காலத்தில் 1000 லீற்றர் நீர்த்தாங்கியைப் பின்தட்டில் ஏற்றி நிரப்பிக்கொள்கிறோம். தண்ணீர்தானே என்று எண்ணுகிறோம். ஒரு லீற்றர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். ஆகவே அந்தத் தாங்கி ஒன்றே ஒரு தொன் ஆகிவிடும். அதற்குமேல் தாங்கியின் எடையும், ஏறியிருக்கும் ஆட்களின் எடையும் உள்ளன. மேலும், அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து வண்டியையே உலுப்பும். வண்டி தாங்கக்கூடிய சிறிய தாங்கியை முழுமையாக நிரப்பிக்கொண்டு செல்வது, பெரிய தாங்கியைப் பாதியளவு நிரப்பிச் செல்வதிலும் நன்று.

அடுத்தது பாரத்தின் சமநிலை. மாட்டு வண்டி ஓட்டிய நம் முன்னோர் முன்பாரம், பின்பாரம் என்று பேசினார்கள். முன்பாரம் மிகுந்தால் மாடுகளின் கழுத்தை நுகம் அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு மாடுகளை நெரிக்கும். பிக்கப் வண்டியிலும் அதே நியாயமே. மிகப் பாரமான பொருள் பின் அச்சுக்கு முன்னாலே, சாரதி அறையின் சுவரையொட்டி, வண்டியின் நடுக்கோட்டில் இருக்கவேண்டும். பின் அச்சுக்குப் பின்னாலே பாரம் தொங்கினால் வண்டியின் முன்புறம் மேலெழும். முன்சக்கரங்கள் வீதியை அழுத்திப் பற்றா. அவ்வாறாகும்போது சுக்கானைத் திருப்பினாலும் வண்டி சரியாகத் திரும்பாது. ஒரு பக்கத்திற் பாரம் மிகுந்தால் பிறேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறமாக இழுபடும்.

உயரமான பொருளைக் கிடத்தக்கூடுமாயின் கிடத்திவிட வேண்டும். அலுமாரியை நிறுத்திக்கொண்டு போவதிலும் கிடத்திக்கொண்டு போவது பாதுகாப்பானது. கிடத்தலாகாத இயந்திரமானால் அதன் மேற்பகுதியை நான்கு மூலைகளுக்கும் இழுத்துக் கட்டவேண்டும். சமையல் எரிவாயுச் சிலிண்டரையோ ஒருபோதும் கிடத்தலாகாது. அது வாய் மேல்நோக்க நின்ற நிலையிலேயே, காற்றோட்டமுள்ள இடத்தில், சுவரோடு சேர்த்துக் கட்டப்படவேண்டும்.

இரண்டாவது, தடுத்து வை. பாரம் ஓடத் தொடங்கியபின் அதனை நிறுத்துவது கடினம். ஓடத் தொடங்காதிருக்கச் செய்வது எளிது. என்னுடைய பெட்டகத்துக்கும் முன்சுவருக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி இருந்தது என்றேன். அந்த இடைவெளியே பெட்டகத்துக்கு ஓடுபாதையாயிற்று. பெட்டகம் சுவரை ஒட்டி இருந்திருக்குமாயின் பிறேக் பிடித்தவுடன் அது சுவரிலே சாய்ந்திருக்கும், மோதியிராது. சாய்வதற்கும் மோதுவதற்கும் உள்ள வேறுபாடு, சுவரிலே கைவைத்து நிற்பதற்கும் ஓடிவந்து சுவரில் முட்டுவதற்கும் உள்ள வேறுபாடேயாகும். ஆகவே பாரத்தை முன்சுவரோடு ஒட்டி வையுங்கள். சமநிலையின் பொருட்டு அவ்வாறு வைக்க இயலாதாயின், இடைவெளியைத் தடித்த மரக்குற்றிகளால் நிரப்புங்கள். பக்கங்களிலும் அவ்வாறே. வெற்றுச் சாக்கையும் மெத்தையையும் இடைவெளியிலே திணிப்பது பயன் தராது. அவை நசுங்கிக் கொடுக்கும். நசுங்கிய அளவுக்குப் பாரம் ஓடும்.

பின்கதவை நம்பியும் பாரத்தை வைக்கலாகாது. அதன் பூட்டு சிறியது. பள்ளத்திலே வண்டி குலுங்கும்போது திறந்துகொள்ளக் கூடும். சக்கரமுள்ள பொருளானால், சிறு உழவு இயந்திரமாயினும் மோட்டார் சைக்கிளாயினும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்து, அந்த ஆப்புகளும் நழுவாதபடி தட்டோடு பொருத்த வேண்டும். எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, ஒன்றோடொன்று நெருக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டிய பின்னரே அக்கட்டினைத் தட்டோடு கட்ட வேண்டும்.

தடுத்தலின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாதது. அது பாரத்தின் அடியிலே இருக்கும் உராய்வு. வண்டியின் பின்தட்டு இரும்புத் தகடு. அதன்மேல் இரும்புப் பொருளை வைத்தால், எடையிற் பத்தில் ஒரு பங்கோ இரு பங்கோதான் உராய்வு பிடித்துக்கொள்ளும். மணலோ எண்ணெயோ மழைநீரோ இருந்தால் அதுவுமில்லை. அடியிலே தடித்த இறப்பர் விரிப்பொன்றை இட்டால், அது எடையிற் பத்தில் ஆறு பங்கு வரை பிடித்துக்கொள்ளும். ஆகவே ஏற்றுவதற்கு முன் தட்டினைக் கூட்டித் துடைத்து, இறப்பர் விரிப்பை இட்டுவிடுதல் வேண்டும். இது மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் காரியம்.

மூன்றாவது, கட்டி வை. எவ்வளவு உறுதியாகக் கட்டவேண்டும் என்பதற்கு ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகள் ஓர் அளவு வகுத்திருக்கின்றன. முன்னோக்கித் தள்ளும்போது பாரத்தின் எடையிற் பத்தில் எட்டுப் பங்கையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பத்தில் ஐந்து பங்கையும் கட்டும் தடையும் சேர்ந்து தாங்கவேண்டும் என்பது அவ்வளவு. முழுவிசையோடு பிறேக் பிடித்தால் உண்டாகும் அமர்முடுகல் ஏறத்தாழ அவ்வளவு இருப்பதே இதற்குக் காரணம்.

இவ்வளவைக் கொண்டு என் பெட்டகத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். அதன் எடை 300 கிலோகிராம். பத்தில் எட்டுப் பங்கு 240. முன்னே எந்தத் தடையும் இல்லையென்று கொள்வோம். வெறுந்தகட்டின் உராய்வு பத்தில் இரண்டு பங்கானால் அது 60 கிலோகிராமைத் தாங்கும். எஞ்சிய 180 கட்டின் பொறுப்பு. இப்பொழுது பெட்டகத்தின் மேலாக ஒரு பட்டியைப் போட்டு, இரு பக்கமும் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பக்கமும் 100 கிலோகிராம் இழுவிசையோடு இறுக்குகிறோம். பெட்டகத்தை அது 200 கிலோகிராம் விசையோடு கீழே அழுத்தும். ஆனால் அந்த அழுத்தத்தால் உராய்வு கூடுவது 40 மாத்திரமே. ஆகவே 180 ஐத் தாங்க இவ்வாறான பட்டிகள் ஐந்து வேண்டும்!

அதே பெட்டகத்தின் கீழே இறப்பர் விரிப்பை இடுங்கள். உராய்வு மாத்திரமே 180 ஐத் தாங்கிவிடும். எஞ்சியது 60. ஒரு பட்டி இப்பொழுது 120 ஐத் தருகிறது. கணக்கின்படி ஒன்றே போதும். வேலை இவ்வாறு மாறியது ஒரு விரிப்பினாலே. பெட்டகத்தை முன்சுவரோடு ஒட்டியும் வைத்துவிட்டால் கட்டின் வேலை இன்னும் இலகுவாகும். தாழ வைத்தலும் தடுத்து வைத்தலும் கட்டுதலுக்கு முன்னே கூறப்பட்டதன் காரணம் இதுவே. முதலிரண்டையும் செய்யாது கயிற்றை மாத்திரம் நம்புகிறவர், கயிறு செய்யக்கூடியதற்கு மேலான வேலையை அதனிடம் கேட்கிறார்.

கணக்கிலே ஒன்று போதுமாயினும் நடைமுறையில் இரண்டுக்குக் குறையாமற் கட்டவேண்டும். ஒன்று அறுந்தால் மற்றொன்று பிடிக்கும். ஒற்றைக் கட்டைச் சுற்றிப் பாரம் திரும்பிவிடாமலும் இருக்கும். பட்டி பாரத்தின் இரு பக்கமும் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு நன்றாக அழுத்தும். தட்டோடு 30 பாகை கோணத்திற் படுத்துக் கிடக்கும் பட்டியின் இழுவிசையிற் பாதியே கீழ்நோக்கிய அழுத்தமாகும். உயரம் குறைந்த, அகலமான பொருளை மேலாகக் கட்டுவதிற் பயன் குறைவு. அதனை முன்னிருந்து பின்னோக்கியும் பின்னிருந்து முன்னோக்கியும் நான்கு மூலைகளிலிருந்து நேராக இழுத்துக் கட்டுவதே முறை.

இனி, எதனாற் கட்டுவது? தும்புக் கயிறு வைக்கோலுக்கும் விறகுக்கும் போதும், இரும்புக்குப் போதாது. நைலோன் கயிறு வலியது. ஆனால் இழுபட்டு நீளும் இயல்புடையது. நனைந்தால் அதன் வலிமையும் சற்றுக் குறையும். காலையில் இறுகக் கட்டியது நண்பகலில் தளர்ந்திருக்கும். முடிச்சு எக்கயிற்றின் வலிமையையும் பாதிவரை குறைக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. கயிறே கிடைத்ததாயின், நடுவில் ஒரு கண்ணி இட்டு, நுனியைத் தட்டின் வளையத்தினூடாக விட்டு, மீண்டும் அக்கண்ணியினூடாக எடுத்துக் கீழே இழுத்துக் கட்டுங்கள். லொறிச் சாரதிகள் செய்யும் முறை இது. கண்ணி கப்பியைப் போலத் தொழிற்பட்டு நம் இழுப்பைப் பெருக்கித் தரும்.

கனமான பொருளுக்கு ஏற்றது, பற்சக்கரப் பிடியினால் இறுக்கப்படும் பொலியெஸ்டர்ப் பட்டி. அதிலே தைத்திருக்கும் துணித்துண்டில் அது தாங்கக்கூடிய அளவு எழுதப்பட்டிருக்கும். அறுபடும் அளவை நம்பாது, பாவனைக்குரிய அளவையே நம்பவேண்டும். ஓரம் கிழிந்த பட்டியையும், வெயிலில் வெளிறி நார் எழுந்த பட்டியையும் எறிந்துவிடுங்கள். அறுந்த பட்டியை முடிச்சுப் போட்டு நீட்டுவது தன்னைத்தானே ஏமாற்றுவதாகும். பாரத்தின் விளிம்பு கூரியதாயின், பட்டி அதன்மேற் படும் இடத்தில் தடித்த இறப்பர்த் துண்டையோ வெட்டிய பழைய டயர்த் துண்டையோ வையுங்கள். வண்டி குலுங்குந்தோறும் கூரிய விளிம்பு அரத்தைப்போலப் பட்டியை அராவும்.

கட்டு எவ்வளவு வலியதாயினும், அது பிடித்திருக்கும் இடம் வலியதாக இல்லாவிடிற் பயனில்லை. தட்டிலே உறுதியாகப் பொருத்தப்பட்ட இரும்பு வளையங்களிற் கட்டுங்கள். பக்கத் தகட்டின் மெல்லிய விளிம்பிலும், பின்கதவின் கொழுவியிலும் கனத்த பாரத்தைக் கட்டலாகாது.

கட்டி முடித்தபின் பாரத்தைக் கையினாற் பிடித்து உலுப்பிப் பாருங்கள். பாரம் தனியாக அசையாது, வண்டியும் அதனோடு சேர்ந்து அசையுமாயின் கட்டு நன்று. பாரம் மாத்திரம் அசையுமாயின் மீண்டும் கட்டுங்கள்.

புறப்பட்டபின் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. முதல் ஐந்து பத்துக் கிலோமீற்றருக்குள் ஒரு முறை நிறுத்தி, கட்டுகளைத் தொட்டுப் பார்த்து இறுக்குங்கள். குலுக்கத்தினாற் பாரம் சற்றே அமர்ந்து கட்டுத் தளர்ந்திருப்பதைக் காண்பீர்கள். பாரமேற்றிய வண்டி வழக்கமான தூரத்தில் நிற்காது. முன்செல்லும் வாகனத்துக்கும் நமக்கும் இடையே இரு மடங்கு இடம் விடுங்கள். கடுகண்ணாவை இறக்கத்திலும் இறம்பொடை வளைவுகளிலும் செல்வோர் வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ள வேண்டும். 30 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றை 40 கிலோமீற்றர் வேகத்திற் கடந்தால், பாரம் தன் எடையிற் பத்தில் நான்கு பங்குக்குச் சமமான விசையோடு பக்கவாட்டில் தள்ளப்படும். வேகத்தைப் பாதியாக்கினால் அத்தள்ளுதல் நாலில் ஒன்றாகும். நீண்ட குழாய்களும் கம்பிகளும் வண்டிக்கு வெளியே நீண்டிருந்தால், அவற்றின் நுனியிற் சிவப்புத் துணி கட்டுங்கள். கூரைத் தகரங்களைப் பாரமற்றவை என்று எண்ணிவிடாதீர்கள். காற்று அவற்றின் முன்விளிம்பிற் புகுந்தால் பறவையின் இறகைப்போல மேலே தூக்கும். சேருமிடத்தில் அவிழ்க்கும்போதும் அவதானம் வேண்டும். வழியிற் பாரம் நகர்ந்து கட்டின்மேற் சாய்ந்திருக்கக் கூடும். அவிழ்ப்பவர் அது விழக்கூடிய திசையில் நிற்றலாகாது.

நேயர்களே, இவையெல்லாவற்றிலும் பெரிதான ஒன்றை இறுதிக்கென வைத்திருக்கிறேன். பாரத்தைப் பிடித்துக்கொள்ள மனிதரை ஏற்றாதீர்கள். கட்டிய பாரத்துக்குக் காவல் வேண்டியதில்லை. கட்டாத பாரத்தைக் காவலாளால் நிறுத்த முடியாது. அலுமாரிக்குப் பக்கத்திற் சிறுவனை நிறுத்துவதும், மூடைகளின்மேற் கூலியாளை இருத்துவதும், இரும்புக் கம்பிகளின்மேல் இருவரை அமர்த்திப் பாரமாக்குவதும் நாள்தோறும் நம் கண்முன்னே நடக்கின்றன. ஏற்றுகிறவர் கெட்ட எண்ணத்தோடு இவற்றைச் செய்வதில்லை. நானும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பத்து நிமிட வேலையையும் இரண்டு பட்டிகளின் விலையையும் மிச்சம் பிடித்தேன். அதன் விலையைக் கொடுத்தவரோ வேறொருவர்.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். மூத்தவர்கள் சொன்னால் மறுக்கக்கூடாது என்று நாமே உங்களுக்குக் கற்பித்திருக்கிறோம். எனினும், ஓடும் வண்டியிற் பாரத்தைப் பிடித்துக்கொள் என்று உங்கள் ஆசிரியரே சொன்னாலும், அதிபரே சொன்னாலும், "கட்டிவிட்டுப் போவோம், ஐயா" என்று பணிவோடு சொல்லுங்கள். அது அவமரியாதையாகாது. அன்று அவ்விரு மாணவருள் ஒருவர் என்னிடம் அவ்வாறு சொல்லியிருந்தால் இன்றும் அவரை நன்றியோடு நினைத்திருப்பேன்.

பாதம் நொறுங்கிய அந்த மாணவர் அடுத்த ஆண்டு பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார். இன்று அரச அலுவலகமொன்றிற் பணிபுரிகிறார். என்னை வீதியிற் கண்டால் நின்று பேசுவார். பேசிவிட்டு அவர் நடந்து செல்லும்போது இடது காலிற் சிறிது சாய்வு தெரியும். பெட்டகம் இன்றும் அப்பாடசாலை அலுவலக மூலையில் இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள மரப்பெட்டியில் நான்கு பட்டிகளும், ஓர் இறப்பர் விரிப்பும், எட்டு மரக்குற்றிகளும் வாங்கி வைத்தேன். நான் மாற்றலாகி வந்தபின்னும் அப்பெட்டி அங்கேயே இருக்கிறது. ஊரிலே எவர் வீடு மாறினாலும் வந்து இரவல் பெற்றுச் செல்கிறார்கள் என்று அறிகிறேன்.

தாழ வை, தடுத்து வை, கட்டி வை. அடுத்த முறை உங்கள் வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நிற்கும்போது இம்மூன்றையும் நினைவுகூருங்கள்.